வெட்டிய பதினொரு படங்கள்

ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். கட்டிலின் மேல் பதினான்கு படங்கள். பதினான்கும் நீ வரைந்தவை. அவற்றில் பதினொன்றை நான் வெட்டியிருக்கிறேன். உன்னைக் கேட்டு வெட்டவில்லை. நீ பார்க்கும்போதும் வெட்டவில்லை. வேடி, இந்தக் கடிதம் அதைச் சொல்லத்தான்.

நீ கலசப்பாக்கத்தில் தங்கி வேலை பழகப் போய் இன்றோடு நாலாவது நாள். இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வந்து ஒவ்வொரு பத்தியாகப் படித்துக் காட்டுவாள். நீ நடுவில் எழுந்து போனால் பின்னாலேயே வந்து படிக்க வேண்டாம், அங்கேயே நிறுத்திவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பிரதியை அச்சுக்கும் கொடுக்கப்போகிறேன். உன் மாதிரி பிள்ளையைப் பெற்ற மற்ற அப்பன்களும் படிக்கட்டும். எனக்கு முப்பத்தொன்பது வயது, உனக்குப் பதினெட்டு. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த சூட்டோடு கல்யாணம், அடுத்த வருடமே நீ. அன்றிலிருந்து இந்த மலையில் ஊர் ஊராகப் போய்க் குடிதண்ணீர் மோட்டாரைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. மோட்டார் ஓடவில்லை என்றால் பத்து நிமிடத்தில் காரணம் கண்டுபிடிப்பேன். வயர், கெப்பாசிட்டர், வால்வு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். உன்னையும் பதினெட்டு வருடமாக அப்படித்தான் பார்த்திருக்கிறேன். எங்கே பழுது, எதை மாற்றினால் ஓடும். இப்படி எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

முதலில் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆறு வயதானபோது பள்ளிக்கூடத்தில் உன்னை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் காலை ஏழு மணிக்கு மோட்டாருக்குப் போய்விடுவேன். உன் அம்மா எட்டு மணிக்குச் சாமை அரைக்கும் கூடத்துக்குப் போக வேண்டும். அவள் போகவில்லை என்றால் வேறொருத்தி அந்த இடத்துக்கு வந்துவிடுவாள். அதனால் உன்னை உள்ளே வைத்து வெளியே பூட்டினோம். ஒரு தட்டில் சோறு, ஒரு சொம்பில் தண்ணீர், ஒரு வாளி. பதினோரு மாதம். பக்கத்து மண் வீட்டு மங்கம்மா அக்காதான், நமக்கு வீடு வாடகைக்கு விட்டவள், ஒரு நாள் என் வண்டியை மறித்து நின்றாள். "புள்ள உள்ளருந்து கதவ இடிச்சிக்கினே கீறான். எனுக்குக் கஞ்சி எறங்கல. சாவிய இப்பிடிக் குடுத்துட்டுப் போ" என்றாள். கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அதற்கப்புறம் எட்டு வருடம் பகல் முழுக்க நீ அவளோடு இருந்தாய். அந்த எட்டு வருடம் நீ என்ன செய்தாய் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. இன்று அவளுக்கு முட்டி போய்விட்டது. நீயோ என்னைவிட உயரம். இனி உன்னை அவளால் பார்த்துக்கொள்ள முடியாது. கலசப்பாக்கத்தில் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உனக்கு மிச்சம் அந்தப் பூட்டிய அறைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைக் கேள்.

உனக்குப் பதினைந்து நடக்கும்போது ஜமுனாமரத்தூரில் உன் மாதிரி பிள்ளைகளுக்கென்று ஒரு பகல் மையம் வந்தது. ஒரே அறை, ஒன்பது பிள்ளைகள், கலா டீச்சர். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவர் அங்கே நடத்தும் பாடத்தைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. மாதம் ஒரு நாடு. அந்த நாட்டு ஜனங்கள் எதைக் கொண்டாடுகிறார்கள், எப்படித் துக்கம் காக்கிறார்கள், வீட்டை எப்படி அழகு பண்ணுகிறார்கள் என்பதையெல்லாம் வண்ணத்தாலும் காகிதத்தாலும் துணியாலும் சொல்லிக்கொடுப்பார். பாடப் புத்தகமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. நான் நேராகவே கேட்டேன். "டீச்சர், எம்புள்ளைக்குப் போளூர் பஸ் எதுன்னே தெரியாது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அவனுக்கு இன்னாத்துக்கு ஜப்பான்?" அவர் கோபப்படவில்லை. "வேடி அப்பா, பக்கத்து வூட்டுல விசேசம்னா நீங்க எட்டிப் பாப்பீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டார். "பாப்பேன்." "இவங்களும் எட்டிப் பாக்கட்டுமே. பொத்தானும் நான்தான் சொல்லித் தர்றேன். அதுக்குன்னு பொத்தான் மட்டுமேவா சொல்லித் தர்றது?" எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஆனால் மதியச் சோறு போட்டு, நாலு மணி வரை வைத்துக்கொள்கிறார்கள். என் கணக்குக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்று சொல்வது பொய். விட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். முதல் மாதம் ஜப்பான். அங்கே பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கம்பம் நட்டு, துணியில் செய்த மீன்களைக் காற்றில் பறக்க விடுவார்களாம். பெரிய மீன் அப்பா, அடுத்தது அம்மா, அப்புறம் பிள்ளைக்கு ஒன்று. கலா டீச்சர் உங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், நிஜ மீனைத் தொடவிட்டு, செதிலைச் சுரண்டவிட்டு, கை நாற்றத்தை முகரவிட்டு, அப்புறம்தான் தூரிகையைக் கொடுத்திருக்கிறார். அதற்கே ஒன்பது நாள். நான் போய்ப் பார்த்தபோது ஒன்பது தாளிலும் மீன் மாதிரி எதுவும் இல்லை. ஒருத்தி வெறும் வட்டம் போட்டிருந்தாள். ஒருவன் தாளைத் தின்றுகொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலையே மெல்லிய தகரத்தில் மீன் வடிவம் வெட்டி, ஓரத்தை ராவி, கை அறுக்காமல் செய்து, மறுநாள் ஒன்பது அச்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைத் தாள் மேல் வைத்து வண்ணம் அடித்தால் போதும், எவன் அடித்தாலும் மீன் வரும். அளவு பிசகாது. டீச்சர் வாங்கிக்கொண்டு, "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். நீ அந்தத் தகரத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே போட்டாய். நான் எடுத்து வந்து வைத்தேன். மறுபடி போட்டாய். மூன்றாவது முறை உன் கையைப் பிடித்து, அச்சின் மேல் அழுத்தி, நானே உன் கையால் மீனை வரைந்தேன். உன் விரல்கள் என் விரலுக்குள் விறைத்துக்கொண்டு இருந்தன. மீன் அருமையாக வந்தது. அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். "எம்புள்ள வரஞ்சது" என்று எழுதியும் அனுப்பினேன்.

அடுத்து கானா. அங்கே துக்கத்துக்குப் போகும்போது உடுத்தும் துணியில் கறுப்பு முத்திரைகள் பதிப்பார்களாம். காய்ந்த குடுக்கைத் துண்டில் வடிவம் செதுக்கி, சாயத்தில் தோய்த்துத் துணியில் ஒற்றுவார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு அர்த்தம். டீச்சர் சுரைக்குடுக்கையை வெட்டி அச்சு செய்திருந்தார். நீ அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தாயாம். ஒரு பழைய வேட்டித் துண்டு முழுக்க ஒற்றினாய். வரிசை இல்லை. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று விழவும் இல்லை. அப்போதுதான் முதல் முறையாகக் கவனித்தேன், துணியின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரே கறுப்பாகப் பூசி வைத்திருந்தாய். அந்தக் கறுப்பின் மேல் ஒரு முத்திரைகூட இல்லை. சாயம் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஈரான். கம்பளத்தில் பூக்களும் கொடிகளும். நீ வரைந்த கம்பளத்துக்கும் அடியில் அதே கறுப்பு. மெக்சிகோவில் செத்துப்போனவர்களை நினைத்துக்கொள்ளும் நாளில் வண்ணக் காகிதத்தைக் கத்தரித்துத் தோரணமாகக் கட்டுவார்களாம். உன் தோரணக் காகிதத்திலும் அடியில் கறுப்பு. திரும்ப ஜப்பான் வந்தபோது, காற்றில் பறக்க வேண்டிய மீன், அதற்கும் கீழே கறுப்பு. மூன்று வருடம் எல்லா நாட்டுக்கும் நீ இதையே செய்தாய். "டீச்சர், எத்தக் குடுத்தாலும் கீழ அசிங்கம் பண்றானே, சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "அவன் படம், அவன் பூசுறான். உங்களுக்கு இன்னாங்க கஷ்டம்?" என்றார். எனக்குக் கஷ்டம்தான். ஒரு வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுக் கடைசியில் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

பதினெட்டு ஆனால் மையத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. கலசப்பாக்கத்தில் உன் வயதுக்காரர்கள் தங்கி வேலை பழகும் ஒரு கூடம் இருக்கிறது, துணிப்பையில் கரை போட்டு அச்சடிக்கிறார்கள் என்று கலா டீச்சர்தான் விசாரித்துச் சொன்னார். பிள்ளை செய்த வேலைகளைக் கோப்பாகப் போட்டு எடுத்து வரச் சொன்னார்கள். அவர் பதினான்கு படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் நாடு, மாதம் எழுதி என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் கசங்காமல் எடுத்துப் போங்கள் என்று மட்டும்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இரும்பு ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தேன். தாளின் உயரம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். அடியிலிருந்து ஆறு அளந்து, பென்சிலால் கோடு போட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பு. பிசிறில்லாமல் வந்தது. பதினொன்றில் கறுப்பு போயிற்று. மூன்றில் நீ லேசாகத்தான் பூசியிருந்தாய், நிழல் மாதிரி தெரிந்தது, விட்டுவிட்டேன். நறுக்கிய துண்டுகளை அடுப்பில் போட்டேன். போட்டுவிட்டுப் படங்களைத் தூர வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன் வேடி, எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதுதான் இது படம் என்று தோன்றியது.

போன மாதம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர் படங்களை மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "ஓரம் சுத்தமா கீதுங்க. கை கட்டுப்பாடு நல்லா வந்திருக்குது. கரை போடற மேசைல உக்கார வெக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் நீ செய்ததைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ உன் கம்பளப் படத்தின் கீழ் ஓரத்தில் விரலை வைத்து, இடமிருந்து வலமாகத் தடவினாய். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாய். அப்புறம் குனிந்து மேசைக்கு அடியில் தேடினாய். விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாய். நான் உன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "டேய், ஒழுங்கா உக்காருடா. பெரியவங்க எதிர்ல இன்னா கொரங்கு சேட்டை" என்றேன். நீ உட்கார்ந்தாய். அப்புறமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பதினைந்து நாள் தங்க வைத்துப் பார்க்கிறோம், வேலை பிடித்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை உன்னை விட்டுவிட்டு வந்தேன். கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று மூன்றரை மணிக்கு அவர் போன் செய்தார். நான் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கிடந்தேன். "சார், பையன் கரைக்குள்ள நிக்க மாட்றான். கோடு போட்டு ரெடியா குடுக்கறோம், அத்தாண்டி அடி முழுக்கக் கறுப்பு பூசிடறான். மூணு நாள்ல இருபது பை வீணு. பிடுங்கினா கையக் கடிச்சிக்கிறான், ரத்தமே வந்துடுச்சு. கோப்புல இருந்த படத்துல அந்த மாதிரி ஒண்ணும் இல்லியே. அதெல்லாம் யாருங்க வரஞ்சது?" நான் யோசிக்கக்கூட இல்லை. "அவன்தாங்க வரஞ்சான்" என்றேன். "புது எடம் இல்லீங்களா, அடம் புடிக்கிறான். நல்லா ரெண்டு அதட்டு அதட்டுங்க, கேப்பான்" என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். உன் கையில் ரத்தம் வந்ததைக் கேட்ட பிறகு நான் சொன்ன வார்த்தைகள் இவை. மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன். எழுதவில்லை.

மோட்டாரைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கோப்பை எடுத்துக்கொண்டு, கலா டீச்சரோடு சண்டை போடப் போனேன். நீங்கள் மூன்று வருடம் தடுக்காமல் விட்டதால்தான் அவன் அங்கே போயும் அதையே செய்கிறான் என்று சொல்வதற்காக. அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டு, கோப்பை வாங்கித் திறந்தார். முதல் படத்தின் மேல் சாண் போட்டு அளந்தார்.

"இந்தப் பேப்பரு என் கையால ரெண்டு சாணுக்கு மேல வரும். இது ரெண்டு சாணே வரல. மீதி எங்கங்க?"

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"உங்களத்தான் கேக்குறேன். கீழ பூசியிருப்பானே, அது எங்க?"

"வெட்டிட்டேன்."

"எத்தினி?"

"பதினொன்னு."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "மிஸ்ஸு, வர்றீங்களா, இல்ல மலைலயே குடித்தனமா?" என்றார். "போங்கண்ணே, அடுத்ததுல வர்றேன்" என்று அனுப்பிவிட்டு அவர் அங்கேயே கல்லில் உட்கார்ந்துகொண்டார். மீதிப் படங்களையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு கேட்டார், "இன்னாத்துக்குப் பூசுறான்னு அவன ஒரு வாட்டியாவது கேட்டீங்களா?" எனக்குக் கோபம் வந்தது. "நீங்க கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேன். மூணு வருசத்துல நாலு வாட்டி கேட்டேன். நாலு வாட்டியும் 'மழை'ன்னு சொன்னான். எனக்குப் புரியல. புரியலன்னாலும் வெட்டணும்னு தோணல" என்றார். கோப்பை வாங்கிக்கொண்டேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் மங்கம்மா அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இன்னாப்பா, புள்ளய வுட்டுட்டு வந்ததுலருந்து வூடே வெறிச்சுன்னு கீது" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தேன். மண் சுவர், மேலே வெள்ளை, அடியில் ஒரு முழம் உயரத்துக்குக் கருமண் பூச்சு. இந்த ஊரில் எல்லா மண் வீட்டுக்கும் அது உண்டு. பத்தொன்பது வருடமாக அதற்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.

"அக்கா, இத்த யாரு பூசுறது?"

"யாரு பூசுவா, உம்புள்ளதான். ஏழு வயசுலருந்து அவன்தான் பூசுறான். போன பொங்கலுக்கும் அவன்தான். உனுக்குத் தெரியாதா?"

"எதுக்குப் பூசுறீங்க?"

"எதுக்கா? மழ பேஞ்சா கூரைத் தண்ணி தரைல வுழுந்து தெறிக்குது இல்ல, பூசலன்னா அடி கரைஞ்சி சொவுரு குந்திக்கும். இன்னாப்பா, டிப்ளமா படிச்சவன் கேக்குற கேள்வியா இது?"

அவள் சிரித்தாள். நான் அந்தப் பூச்சைத் தொட்டுப் பார்த்தேன். மேடு பள்ளம் இல்லை. மேல் விளிம்பு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. உன் கை வேலை. சுவரின் அடி தண்ணீர் தெறிப்பில்தான் முதலில் அரிக்கும், அங்கே தனிப் பூச்சு வேண்டும் என்று எனக்கு முதல் வருடக் கட்டட வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை உன் படத்தில் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஜப்பான் மீன் கரையக் கூடாது. கானாவில் யாரோ துக்கத்துக்கு உடுத்தும் துணி கரையக் கூடாது. ஈரான் கம்பளம், செத்தவர்களுக்குக் கட்டிய தோரணம், எதுவும் மழையில் போய்விடக் கூடாது. டீச்சர் உனக்கு எந்த நாட்டைக் காட்டினாலும், நீ அதைப் பத்திரமாக நிற்க வைத்திருக்கிறாய். உனக்குத் தெரிந்த ஒரே பத்திரம் அதுதான். ஒன்பது பிள்ளைகளில் பாடம் புரிந்தது யாருக்கு என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை, காட்டுவதற்கு இருந்ததை நானே அடுப்பில் போட்டுவிட்டேன்.

உடனே உன்னைப் பெரிய ஓவியன் என்று சொல்ல வரவில்லை. அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆண்டு விழாவுக்கு மலையேறி வருகிறவர்கள் உங்கள் படங்களுக்கு முன்னால் நின்று "ஆகா, இந்தக் குழந்தைகளுக்குள்ள இவ்ளோ தெறமையா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் சாப்பாடு எங்கே என்று கேட்பார்களே, அவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்காகத்தான் எல்லா இடத்திலும் பெரியவர்கள் பிள்ளைகளின் படத்தைத் திருத்தி வைக்கிறார்கள். நான் மட்டும் அல்ல. ஒரு அம்மா கண் வரைவாள், இன்னொரு அம்மா ஓரத்தை ஒழுங்கு பண்ணுவாள், கடைசியில் பிள்ளையின் பெயர் மட்டும்தான் பிள்ளையுடையது. கலசப்பாக்கத்துக்காரர்களையும் என்னால் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒரே மாதிரி பை வேண்டும். ஒரே மாதிரி பை போடுகிற பிள்ளை என்று நான் எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லித்தான் உன்னைச் சேர்த்தேன். காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இட்லித் தட்டை வைத்துவிட்டு, "பொய் சொல்லிச் சேத்தது நீ. அங்க மாட்டிக்கினு கையக் கடிச்சிக்கிறது அவன்" என்றாள். வேலைக்குக் கிளம்பும்போது திரும்பி நின்று, "இன்னும் இன்னாத்துக்கு வூட்டுல உக்காந்துகினு கீற?" என்று கேட்டாள்.

பிள்ளை வீட்டை விட்டுப் போகும்போது அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். திங்கட்கிழமை நான் உனக்குச் சொன்னது, "சொன்னதச் செய், எதிர்த்து நிக்காத" என்பது. அதை மறந்துவிடு. இதைக் கேள். யாராவது உன் கையைப் பிடித்து அவர்கள் வேலையைச் செய்ய வைத்தால், கையை இழுத்துக்கொள். அது டீச்சராக இருந்தாலும், மேற்பார்வையாளராக இருந்தாலும், நானாக இருந்தாலும். உன் கையைக் கடிக்காதே. 'வேணாம்' என்கிற வார்த்தை உனக்குத் தெரியும். சோறு பிடிக்காதபோது அழகாகச் சொல்வாய். அதையே இங்கேயும் சொல். ஒரு தடவை சொல்லிக் கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை சத்தமாகச் சொல். அதட்டினால் போதும், கேட்பான் என்று உன்னைப் பற்றிச் சொன்னது நான். என் பேச்சைக் கேட்டு உன்னை யாராவது அதட்டியிருந்தால், அந்த அதட்டலுக்கும் நான்தான் பொறுப்பு. மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்கு அந்த வார்த்தை புரியாது. அதனால் செய்யப்போவதை எழுதுகிறேன். இப்போது மணி பத்து ஐந்து.

1. பத்தரை மணி பஸ்ஸில் போளூர். அங்கே மாறி, கலசப்பாக்கம். ஞாயிறு வரை காத்திருக்கப்போவதில்லை.

2. முதலில் உன் கையைப் பார்ப்பேன். காயம் ஆழமாக இருந்தால் ஆஸ்பத்திரி. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

3. மேற்பார்வையாளரிடம் சொல்லும் முதல் வாக்கியம்: "படங்களை வெட்டியது நான், நேற்று உங்களிடம் பொய் சொன்னதும் நான்." அதற்குப் பின்னால் 'ஆனா' என்று ஆரம்பிக்கக் கூடாது.

4. கோடு போடாத ஒரு பையை உனக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒரே ஒரு பை. அடியில் கறுப்புக் கரை வைத்த பை வேண்டும் என்று கேட்கிற ஆள் ஒருத்தராவது இருக்கமாட்டாரா என்று கேட்பேன். முடியாது என்றால் வாதாட மாட்டேன். அவர்கள் என்னிடம் ஏமாந்தவர்கள்.

5. அவர்கள் உன்னை வேண்டாம் என்றால், காலை ஆறிலிருந்து பதினொன்று வரை மட்டும்தான் மோட்டார் வேலை என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிடுவேன். உன் அம்மா மதியத்துக்கு மேல் போகும் வேலையாகப் பார்த்து மாற்றிக்கொள்வாள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு காண்ட்ராக்டர். பூட்டு கிடையாது.

6. அவர்கள் வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னாலும், அது முடிவு இல்லை. உன்னை எதிரில் உட்கார வைத்து, "இங்க இருக்கியா, வூட்டுக்கு வர்றியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். நீ தரையைப் பார்ப்பாய், விரலைப் பார்ப்பாய், எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வருவாய். நான் நினைவூட்ட மாட்டேன், உனக்குப் பதிலாகச் சொல்லவும் மாட்டேன். மலைக்குக் கடைசி பஸ் போய்விட்டால் போகட்டும். நீ சொல்கிற வரை உட்கார்ந்திருப்பேன்.